ஆறு மணி ஆகாத சாயங்காலம்

கல்யாண மண்டபத்தின் மேனேஜர் கதவைத் திறக்க மாட்டேன் என்று சாதித்தார்.

“ஆறுலேர்ந்து ஒம்போது வரைக்கும்தான் புக் பண்ணிக்கிறீங்க. மணி ஆறு ஆவட்டும், தொறக்கறேன்.”

“மணி எங்கய்யா ஆகுது?” என்று தங்கபுஷ்பம் கத்தினாள். “மேல பாருங்க. எப்பப் பாத்தாலும் மூணே முக்கால்னுதான காட்டுது?”

“அதுக்கு நான் இன்னா பண்றது? ஆறு ஆனாதான் ஆறு.”

மண்டபத்தின் நெற்றியில் இருந்த கடிகாரம் மட்டுமல்ல, திருவொற்றியூரில் எல்லாக் கடிகாரமும் நின்றிருந்தது. உலகத்துக் கடிகாரங்கள் அத்தனையும் சூரியனோடு பிணைக்கப்பட்டவை. எண்ணூருக்கு நேரே கடலுக்குள் நிற்கும் சங்கிலிக் கோபுரம்தான் தினமும் காலையில் சூரியனைத் தண்ணீருக்கடியிலிருந்து இழுத்து, பித்தளை வானத்துத் தண்டவாளத்தில் உச்சி வரை ஏற்றிவிடும். உச்சி தாண்டியதும் சூரியன் தன் கனத்திலேயே மேற்கே சரியும். கோபுரத்துச் சங்கிலி அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அன்றைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. சூரியன் மணலிப் புகைபோக்கிகளுக்கு மேலே அப்படியே நின்றுகொண்டு ஊரை வறுத்தது. ரயில்வே கேட்டில் கும்மிடிப்பூண்டி ரயில் நேரம் தெரியாமல் ஆவியை விட்டுக்கொண்டு நின்றது. மண்டபத்துக்குப் பின்னால் தம் போட்ட பிரியாணி அண்டாவைச் சமையல்காரர் இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டார்.

தங்கபுஷ்பத்துக்கு இந்தக் கல்யாணமே பிடிக்கவில்லை. அவள் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் பற்சக்கரம், சங்கிலி, அச்சாணி மொத்த வியாபாரம் செய்கிறவள். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து தன் கையால் கட்டிய கடை. ஒரே மகன் ஆன்றோ, கடற்கரைக் குப்பத்து ரேகாவைத்தான் கட்டுவேன் என்று நின்று, பதிவும் செய்துவிட்டான். வரவேற்பு மட்டும்தான் பாக்கி. பிடிக்காத கல்யாணத்தையும் ஒழுங்காக நடத்த விடமாட்டேன் என்கிறார்களே என்பதுதான் அவளுடைய எரிச்சல். கணவர் ஞானதுரை தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் “நீயே பாரு” என்றார்.

அவள் கைப்பேசிக்குச் சாவி கொடுத்து, சூரியனைக் கவனித்துக்கொள்ளும் வான இயக்க வாரியத்தைக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்த உருளை சுற்றி, ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது: “தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. வெளிச்சம் தொடர்பான புகாருக்கு ஒன்றைத் திருகவும். இருட்டு தொடர்பான புகாருக்கு இரண்டைத் திருகவும்.” ஒன்றைத் திருகினாள். நாதஸ்வரம் வாசித்தது. மறுபடி திருகினாள். மறுபடி நாதஸ்வரம்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது அதே கைப்பேசி மணியடித்தது.

“அக்கா, எண்ணூர் சங்கிலிக் கோபுரத்துலேர்ந்து அத்தாவுல்லா பேசறேன். கோபுரம் ஓட்டறது நான்தான். உங்க கடைல ஒரு முழ நீளத்துக்குப் பித்தளை அச்சாணி கீதா?”

“இருக்கு. நாளைக்கு வாங்க. இன்னைக்கு எம் மகனுக்குக் கல்யாணம்.”

“நாளைக்கு எப்டிக்கா வரும்?” அந்த மனிதருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. “சங்கிலி உருளைல இருந்த அச்சாணி ஒடஞ்சிபோச்சி. நான் பிரேக்கு மேல நின்னுகினு கீறேன். கால எடுத்தேன்னா சூரியன் உருண்டு போயி நேரா மாத்தூர் மேல விழும்.”

தங்கபுஷ்பத்தின் வீடு மாத்தூரில் இருந்தது. போன வருஷம்தான் மாடி எடுத்திருந்தார்கள்.

“வாரியத்துல சொல்லலையா நீரு?”

“சொல்லாம இருப்பனா? அவங்க லாஞ்சு தரதட்டி நிக்கிதாம். உங்களால முடிஞ்சா கொண்டாந்து குடுங்கக்கா. எனக்குக் கெண்டக்கால் இழுக்குது.”

ஞானதுரையிடம் போய்ச் சொன்னாள். அவர் துண்டுக்குள்ளிருந்து, “நீயே பாரு” என்றார். ஆவி ஆட்டோ ஒன்றைப் பிடித்து சாத்தாங்காட்டுக்குப் போய், கடையைத் திறந்து, அச்சாணியைத் தேடி எடுத்து, கல்யாணப் பட்டுப்புடவையோடு அதைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே ஒரு படகும் நகர்கிற நிலையில் இல்லை. சூரியன் நின்றதில் கடலின் ஏற்றமும் நின்றுவிட்டது. வற்றின தண்ணீர் வற்றினபடியே கிடக்க, எல்லா லாஞ்சும் சேற்றில் சாய்ந்திருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு மிதந்தது. யாருடையது என்று தங்கபுஷ்பத்துக்கு நன்றாகவே தெரியும். ‘ரேகா’ என்று பக்கவாட்டில் சிவப்பில் எழுதியிருந்தது.

அது பவுனம்மாளுடைய நீராவி லாஞ்சு. பவுனம்மாள் மணப்பெண்ணின் தாய். கணவன் போனபின் தானே சுக்கான் பிடித்து மீனுக்குப் போகிறவள். இந்தச் சம்பந்தம் அவளுக்கும் பிடிக்கவில்லை. மகளின் கல்யாண நாளன்று விடிவதற்கு முன்பே கடலுக்குப் போனாள். மீனுக்காகப் போகவில்லை, கோபத்தில் போனாள். திரும்பி வந்தும் கரையேறாமல் லாஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொண்ணு கேட்டு வந்த நாளில் இந்த இரண்டு அம்மாக்களும் போட்டுக்கொண்ட சண்டைக்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசியதே இல்லை.

கட்டுமரக்காரர் ஒருவர் தங்கபுஷ்பத்தைத் தள்ளிக்கொண்டு போய் லாஞ்சில் ஏற்றிவிட்டார்.

“இன்னா கடக்காரம்மா?” என்றாள் பவுனம்மாள், எழுந்திருக்காமலே. “கண்ணாலத்த நிறுத்தியாச்சின்னு சொல்லிக்கினு போவ வந்தியா?”

“சூரியனே நின்னு போச்சு. கண்ணு தெரியலையா ஒனக்கு?”

“தெரியுது. உள்ள மீன் கெட்டுப்பூடும்னு நானே பேஜார்ல கீறேன்.”

தங்கபுஷ்பம் விஷயத்தைச் சொன்னாள். பவுனம்மாள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

“ஆறு மணி ஆவலன்னா எனக்கு இன்னா? நான் ஒண்ணும் அந்த மண்டபத்துக்கு வர்றதா இல்ல.”

“வராட்டிப் போ. ஒம் மக அந்த மண்டபத்து வாசல்லதான் நிக்கா. பட்டும் நகையும் தலை நிறைய பூவுமா, இந்தக் கொளுத்துற வெயில்ல. அந்த மேனேஜர் கதவத் தொறக்க மாட்டேங்கான்.”

பவுனம்மாள் எழுந்தாள். “தொறக்கலியா? யார்றா அவன், எம் பொண்ண வெயில்ல நிக்க வெச்சவன்? கட்டுமரத்தக் கூப்டு, போயி அவன...”

“அவன அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல சூரியன்.”

பவுனம்மாள் மேற்கே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நங்கூரத்தைத் தூக்கினாள். “கரி அள்ற ஜெகதீசன், கண்ணால பேண்டுல டிரம் அடிக்கிறேன்னு பூட்டான். தோ, அங்க மண்வெட்டி கீது. எடு.”

“நானா? இந்தப் புடவையோடயா?”

“பின்ன இன்னா, அவுத்துட்டா அள்ளுவ?”

தங்கபுஷ்பம் கரி அள்ளினாள். ஒவ்வொரு அள்ளலுக்கும் வாரியத்தைத் திட்டினாள், மேனேஜரைத் திட்டினாள், ஈரத்துண்டுக்குள் இருக்கும் ஞானதுரையைத் திட்டினாள். பாய்லர் உறுமியது. சக்கரத் துடுப்புகள் தண்ணீரை அடிக்க, லாஞ்சு வடக்கே திரும்பி எண்ணூரை நோக்கி ஓடியது.

“ஆம்பளைங்க அள்றதவிட வேகமா அள்ற” என்றாள் பவுனம்மாள்.

“வாய மூடிக்கிட்டு ஓட்டு.”

முகத்துவாரத்தைத் தாண்டியதும் கடலிலிருந்து ஆவி எழும்பத் தொடங்கியது. நின்ற வெயிலில் தண்ணீர் வெந்நீராகி, வெள்ளைப் புகை நாலாபக்கமும் மூடிக்கொண்டது. முன்னால் எதுவும் தெரியவில்லை. தலைக்கு மேலே மட்டும், வானத்தின் குறுக்கே மேற்கு நோக்கிப் போகும் பெரிய சங்கிலி தெரிந்தது. ஒவ்வொரு கண்ணியும் ஒரு லாரி அகலம். இழுபட்டு இழுபட்டு, வீணைக்கம்பிபோல ரீங்கரித்தது. பவுனம்மாள் சுக்கானைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து, அந்தச் சங்கிலியைப் பார்த்தே லாஞ்சை ஓட்டினாள்.

திடீரென்று கடலுக்கடியிலிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. தங்கபுஷ்பம் மண்வெட்டியைப் போட்டுவிட்டாள்.

“இதென்ன சத்தம்?”

“நிலா வண்டி. சூரியன் எறங்கினாத்தான அதுக்கு லைன் கெடைக்கும்? கீழ நின்னுகினு கூவுது. நீ கரியப் போடு.”

புகைக்குள்ளிருந்து கோபுரம் எதிரே வந்து நின்றது. சிப்பியும் துருவும் ஏறிய இரும்புத் தூண்கள். அவற்றின்மேல் ஒரு தெரு அகலத்துக்குச் சங்கிலி உருளையும், அதைச் சுற்றிப் பல அளவுகளில் பற்சக்கரங்களும் இருந்தன. எல்லாம் அசையாமல் நின்றன. ஏறுவதற்குப் பித்தளை ஏணி. தொட்டதும் தங்கபுஷ்பம் கையை உதறினாள். உள்ளங்கையில் கொப்பளம் வந்துவிட்டது. பவுனம்மாள் கோணிப்பையைக் கிழித்துக் கடலில் முக்கி, ஆளுக்குக் கொஞ்சம் கையில் சுற்றினாள். அச்சாணியை முதுகில் கயிற்றால் கட்டிக்கொண்டு தங்கபுஷ்பம் முன்னால் ஏற, பவுனம்மாள் பின்னால் ஏறினாள்.

“கீழ பாக்காத.”

“நான் பாக்கலை. நீ பேசாம வா.”

“புடவ என் மூஞ்சில அடிக்குது, தூக்கிச் சொருவு.”

மேலே, கட்டில் அளவு இருந்த பிரேக் கட்டையின் மேல் ஒரு நரைத்த தாடிக்காரர் இரண்டு காலையும் ஊன்றி, தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்வை சொட்டுச் சொட்டாக விழுந்தது. பக்கத்தில் ஒரு கிளாஸ் டீ ஆடை கட்டியிருந்தது.

“இவ்ளோ நேரமா?” என்றார் அத்தாவுல்லா.

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் வாயைத் திறக்க, அவர் பயந்துபோய், “சரி சரி, தப்பு. அந்தப் பெரிய உருள கீதே, அதுக்கு ஓரத்துல ஒரு ஓட்ட தெரியுதா? அதுல அடிங்க” என்றார். “ஒரு வருசமா வாரியத்துல அச்சாணி கேட்டுகினு கீறேன். போன தபா ஒண்ணு அனுப்பினாங்க, பல்லு குத்தக்கூட ஆவாது.”

தங்கபுஷ்பம் அச்சாணியை ஓட்டையில் வைத்துத் தள்ளினாள். நுனிதான் போனது. சம்மட்டியை வாங்கி அடித்தாள். அது மேலே போகவில்லை.

“அளவு தப்பா எடுத்தாந்துட்டியா?” என்றாள் பவுனம்மாள்.

“எங் கடைச் சரக்குல அளவு தப்பாது. வெயில்ல உப்பிப் போய் இருக்கு. முதுகுல கட்டிட்டு வரும்போதே தோசைக்கல்லு மாதிரி சுட்டுது.” அவள் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். “குளிரப் பண்ணினா சுருங்கும். இந்தக் கொதிக்குற கடல்ல குளிருக்கு எங்க போக?”

பவுனம்மாள் குனிந்து கீழே தன் லாஞ்சைப் பார்த்தாள். பிறகு, “எம் மீனு கெட்டுதுன்னா நீதான் பதில் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினாள். திரும்பி ஏறும்போது தலையில் மீன் கூடை. கூடை நிறைய லாஞ்சின் அடித்தளத்து ஐஸ். நடுநடுவே வஞ்சிரச் செதில் ஒட்டியிருந்தது. அச்சாணியை அதற்குள் புதைத்தார்கள்.

அத்தாவுல்லாவின் கால் அப்போதுதான் மடங்கியது. அவர் “யா அல்லா” என்று சரிய, பிரேக் கட்டை மேலே எழும்பியது. உருளை கிறீச்சிட்டு ஒரு பல் நகர்ந்தது. மேற்கே சூரியன் ஒரு குலுக்குக் குலுங்கிக் கீழே இறங்கியது. இரண்டு பெண்களும் ஓடிப்போய்க் கட்டையின் மேல் விழுந்தார்கள். அது அடங்கியது.

“எழுந்துக்காதீங்க!” என்றார் அத்தாவுல்லா, காலைப் பிடித்துக்கொண்டு. “ஐஸு வேலை செய்யறவரைக்கும் அப்டியே குந்துங்க.”

அவருடைய சட்டைப்பைக்குள் கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். இனிமையான பெண்குரல் எல்லோருக்கும் கேட்டது: “தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. சேவையை மதிப்பிட ஒன்று முதல் ஐந்து வரை திருகவும்.” அவர் அதைக் கடலில் எறிந்தார்.

இத்தனை நாள் பேச்சு வார்த்தை இல்லாமலிருந்த இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரு சூரியனின் கனத்தை அடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டைக்கடியில் புகைநாற்றம் வந்தது.

“இன்னிக்கு இது இப்டியே நின்னுகினா,” என்றாள் பவுனம்மாள் மெதுவாக, “கண்ணாலம் நடக்காதில்ல?”

“ஒனக்கு அதான வேணும்?”

“உனுக்கும் அதான.”

தங்கபுஷ்பம் முகத்தைத் துடைத்தாள். கரி முகமெல்லாம் பரவியது. “எனக்குக் கடலுன்னா பயம்” என்றாள். “கட்டினப்புறம் உங்க லாஞ்சுல வரப்போறேன்னு ஆன்றோ சொல்லுதான். கடை அவனுக்குச் சலிச்சுப் போச்சாம். இம்புட்டுப் பாடுபட்டுக் கட்டின கடை. ஒம் மவதான் மயக்கிட்டான்னு நெனச்சேன்.”

பவுனம்மாள் திரும்பிப் பார்த்தாள். “லாஞ்சுல வரேன்னானா? எங்கூட்டுப் பொண்ணு கடைக்கு வரேங்குது! மீன் நாத்தம் போதும்மா, கணக்கு வழக்குத்தான் எனக்குப் புடிச்சிருக்குதுங்குது. உன் கல்லாவுல குந்தப் போவுதாம். நீதான் ஆச காட்டிக் கெடுத்துட்டன்னு நான்...”

“நான் எப்பக் காட்டினேன்? அந்தப் பிள்ளைட்ட நான் பேசினதே இல்லையே.”

“எனக்கு எப்டித் தெரியும்?”

“ரெண்டும் சேந்து கூடிப் பேசி முடிவு பண்ணிட்டு, நம்மகிட்ட ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுச்சா பாரு! நாம இங்க வந்து சூரியன் மேல உக்காந்துருக்கோம்.”

“சனியனுங்க” என்றாள் பவுனம்மாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து தங்கபுஷ்பத்துக்கு எரிச்சல் இன்னும் கூடியது. ஆனாலும் அவள் நகர்ந்து உட்காரவில்லை. “அவனுக்கு நீச்சல் தெரியாது. சொல்லிட்டேன்” என்றாள்.

“கத்துக்குவான். உன்ன மாதிரி கரி அள்ளினான்னா எனக்குப் போதும்.”

கட்டைக்கடியில் தீப்பொறி பறந்தது. உருளை மறுபடி ஒரு பல் நகர்ந்தது. இந்த முறை நிற்காமல் இன்னொரு பல்லும் நகர்ந்தது. மணலிப் பக்கம் சூரியன் தண்டவாளத்தில் ஆடியது.

“கட்ட எரியுது! தாங்காது!” என்று அத்தாவுல்லா ஒற்றைக் காலில் வந்து கட்டையின் மேல் விழுந்தார். பவுனம்மாள் கூடையை எட்டி இழுத்து, மீதி ஐஸைப் பிரேக்கின் மேல் கொட்டினாள். சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. “இன்னாத்துக்கு முழிக்கிற? போடி! நான் அமுக்கிக்கிறேன்!”

தங்கபுஷ்பம் உறைந்துபோன அச்சாணியை முந்தானையில் பிடித்துக்கொண்டு உருளைக்கு ஓடினாள். ஓட்டை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதோடு கூடவே நடந்து, நேராக வைத்து, அழுத்தினாள். அச்சாணி வெண்ணெயில் கத்தி போவதுபோல முக்கால்வாசி உள்ளே போனது. மீதிக்குச் சம்மட்டியைத் தூக்கி, வாரியத்துக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று என்று அடித்தாள். கடைசி அடியில் உருளையும் பெரிய பற்சக்கரமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. கோபுரம் முழுக்க டக், டக், டக் என்று உயிர் வந்தது.

மூவரும் அப்படியே தரையில் படுத்துவிட்டார்கள்.

“எறங்குது” என்றார் அத்தாவுல்லா, மேற்கே பார்த்து. உடனே எழுந்து ஒரு பிடியைத் திருகத் தொடங்கினார். “ஆனா ரொம்ப லேட்டு. நாளைக்குக் காலைல நேரத்துக்கு ஏத்தணும்னா இப்பவே வேகமா எறக்கணும்.”

“எவ்வளவு வேகமா?” என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் பதில் சொல்வதற்குள் வானம் ஆரஞ்சாகி, சிவந்து, சூரியன் மாத்தூருக்குப் பின்னால் ஒழுங்காகப் போய் மறைந்தது. கோபுரத்துக்குக் கீழே கடல் பிளந்து, விசில் ஊதிக்கொண்டே நிலா வண்டி அவர்களைத் தாண்டி மேலே ஏறியது. அலை எழுந்து கரைப்பக்கம் ஓடியது. கோபுரத்துக் கடிகாரத்தின் முட்கள் விசிறிபோலச் சுற்றுவதை இரண்டு அம்மாக்களும் பார்த்தார்கள். ஆறைத் தாண்டியது. ஏழைத் தாண்டியது.

“யோவ், நிறுத்துய்யா!” என்று இருவரும் கத்தினார்கள். அது ஒன்பதைத் தாண்டித்தான் நிதானத்துக்கு வந்தது.

அவர்கள் கரை சேர்ந்து மண்டபத்துக்கு நடந்து வந்தபோது கதவு பூட்டியிருந்தது. மேனேஜர் சொன்னபடி ஆறுக்குத் திறந்து, சொன்னபடி ஒன்பதுக்கு மூடிவிட்டார். நடுவில் இருந்த நேரம் மூச்சு விடுவதற்குள் போய்விட்டது. மாலையை மாற்றிக்கொண்டதுதான் தெரியும், பந்தியில் இலை போடுவதற்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். விருந்தாளிகள் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்து, அண்டாவிலிருந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரேகா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்மை வழிந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

“எங்கம்மா போன? ரெண்டு அம்மாங்களும் கோச்சிக்கினு பூட்டாங்கன்னு எல்லாரும் பேசறாங்க.”

“அப்பாவும் அப்படித்தான் சொன்னாவ” என்றான் ஆன்றோ.

“அந்த மனுசனா சொன்னாரு?” தங்கபுஷ்பம் சுற்றிலும் தேடினாள். ஞானதுரை நடைபாதையில் இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டிருந்தார். “நான் அவர்ட்ட சொல்லிட்டுத்தானல போனேன்! சூரியன எறக்கிவிட்டுட்டு வாரோம்ல நாங்க! அவரு பாரு, கறித்துண்டு பொறுக்குதாரு!”

ஆன்றோ நம்பாமல் பார்த்தான். ரேகாதான் அருகில் வந்து மாமியாரின் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம். பட்டுப்புடவையில் கரியும் மீன் செதிலும். பிறகு தன் அம்மாவின் கையைப் பார்த்தாள். அதுவும் அப்படியேதான் இருந்தது. இரண்டு கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“அழுவாத, ஏற்கெனவே மை வழிஞ்சி மூஞ்சி கலீஜா கீது” என்றாள் பவுனம்மாள். “நாங்க பாக்காத கண்ணாலம் இன்னா கண்ணாலம்? மாலையக் கழட்டுங்க. திரும்பிப் போடுங்க.”

“ரோட்டுலயா?” என்றான் ஆன்றோ.

“பின்ன எங்க? கடலுக்கு வர்றதுக்கே துணிஞ்சிட்ட, ரோட்டுல மால போட வெக்கமா?”

ஆன்றோ திடுக்கிட்டு ரேகாவைப் பார்த்தான். ரேகா தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள்.

“எல்லாம் தெரியும்” என்றாள் தங்கபுஷ்பம். “திங்கக்கெழம காலைல கடைக்கு வந்து சேரு. இப்ப மாலையப் போடு, எனக்குக் காலு வலிக்கி.”

ஜெகதீசன் பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு டிரம்மை எடுத்தான். நிலா வெளிச்சத்தில் நடுத்தெருவில் இருவரும் வாடிப்போன மாலைகளைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்கள். மாலை ரேகாவின் கொண்டை ஊசியில் மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது.

“இதுகூடத் தெரியாதால?” என்றாள் ஒருத்தி.

“தல நிமுத்தாதடி, குனி!” என்றாள் இன்னொருத்தி.

இரண்டு அம்மாக்களும் திட்டிக்கொண்டே அதை எடுத்துவிடப் போனார்கள்.